அப்டேட் நடுவில் பவர் போனால் ஸ்கூட்டர் என்ன ஆகும்? ஓசூர் ஃபேக்டரியிலேயே முடிவாகும் ‘பார்ட்டிஷன் டேபிள்’ கதை

மின்சார ஸ்கூட்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து ஸ்கிரீன் அணைந்துவிட்டால் என்ன ஆகும்? மறுபடி உயிர் வருமா, இல்லை ஷோரூமுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதானா?

1980-ல் ஓசூர் ஆலையில் இருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தபோது இப்படி ஒரு கேள்வியே கிடையாது. அதில் மக்கர் பண்ணக்கூடியது கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும்தான். இன்று அதே ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே ஓலாவின் ஆலை இருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கும் தலைமையகம் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவில். 2020-ல் அறிமுகமான ஏத்தர் 450எக்ஸ் மாடலின் 7 இன்ச் டாஷ்போர்டு, ஆண்ட்ராய்டின் ஓப்பன் சோர்ஸ் வடிவத்தில் இயங்குகிறது. உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகன் சிப். அதாவது ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பது கிட்டத்தட்ட ஒரு போன். போனுக்கு வரும் ஆபத்து எல்லாம் அதற்கும் வரும்.

முதலில் சொன்ன கேள்விக்கான பதில், அந்த ‘போனின்’ மெமரியில் ஆரம்பத்திலேயே எழுதப்படும் சில கிலோபைட்டுகளில் இருக்கிறது. அதுதான் பார்ட்டிஷன் டேபிள்.

மண் அங்கேயே, மாவட்டம் மட்டும் வேறு

மெமரி சிப் என்பது எந்தக் கோடும் போடாத ஒரு பெரிய பொட்டல். எங்கிருந்து எதுவரை ஆபரேட்டிங் சிஸ்டம், எங்கிருந்து எதுவரை உங்கள் ஃபோட்டோக்கள் என்று பிரித்துச் சொல்லும் பட்டியல்தான் பார்ட்டிஷன் டேபிள். அது சுவர் எழுப்புவதில்லை. ‘இத்தனையாவது பிளாக்கில் தொடங்கி இத்தனையாவது பிளாக்கில் முடியும்’ என்று எழுதி வைக்கும், அவ்ளோதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் இருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். ஊரும் நிலமும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆவணத்தில் எல்லைதான் மாறியது. பார்ட்டிஷனை ‘டெலிட்’ செய்தாலும் இதேதான் நடக்கிறது. டேட்டா பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரிதான் போயிருக்கும். டெஸ்ட்டிஸ்க் போன்ற ரெக்கவரி டூல்கள் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிப் பிடிப்பது இந்த நம்பிக்கையில்தான்.

பழைய டேபிளின் பெயர் எம்பிஆர். 1983-ல் ஐபிஎம் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் 446 பைட் ஒரு குட்டி புரோகிராம், 64 பைட் டேபிள், கடைசி 2 பைட் அடையாளக் குறி. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் நான்கு பேருக்குத்தான் இடம். பிளாக் எண்ணை 32 பிட்டில் எழுதியதால், 512 பைட் பிளாக் கொண்ட டிஸ்க்கில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. அன்று அது கடல் போலத் தெரிந்திருக்கும்.

இப்போது போன், லேப்டாப் எல்லாவற்றிலும் இருப்பது ஜிபிடி (சாட்ஜிபிடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை). இதில் ஒரு பார்ட்டிஷனுக்கு 128 பைட். வழக்கமாக 128 பார்ட்டிஷன்கள் வரை இடம் ஒதுக்குவார்கள். மொத்தமே 16 கிலோபைட். ஒவ்வொரு பதிவிலும் வகை, தனி அடையாள எண், தொடக்கம், முடிவு, 64 பிட் குறிப்புகள், பிறகு பெயர். பெயருக்கு 36 இடம். யூனிகோட் என்பதால் தமிழிலும் வைக்கலாம். ‘ஓசூர்’ என்று எழுதினால் 5 இடம் போதும்.

முக்கியமான மாற்றம், ஜிபிடிக்கு நகல் உண்டு. டிஸ்க்கின் தலையில் ஒன்று, கடைசியில் இன்னொன்று. இரண்டிலும் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண் இருக்கும். முதல் டேபிளில் ஒரு பிட் புரண்டாலும் கணக்கு இடிக்கும். அப்போது கடைசியில் இருக்கும் நகலை எடுத்துக்கொள்ளலாம். எம்பிஆரில் இந்த வசதி இல்லை.

யார் படிக்கிறார்கள்?

பவர் பட்டனை அழுத்தியதும் சிப்புக்குள் அழிக்க முடியாதபடி பதிந்திருக்கும் சின்ன புரோகிராம் எழுகிறது. அது அடுத்த கட்ட பூட்லோடரை எழுப்பும், அது அதற்கடுத்ததை. இந்தத் தொடர் டேபிளைப் பார்த்துத்தான் ‘பூட்’ என்ற பெயர் எந்த பிளாக்கில் தொடங்குகிறது என்று தேடிப் போகிறது. பெயர் கிடைக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டு முழுசாக உள்ளே இருந்தும் பிரயோஜனமில்லை. ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும்.

யார் எழுதுகிறார்கள்?

ஃபேக்டரி லைனுக்கு வரும் போர்டில் மெமரி காலியாக இருக்கலாம். குவால்காம் சிப் என்றால், ‘எமர்ஜென்சி டவுன்லோட்’ என்ற நிலையில் யுஎஸ்பி வழியாக ஒரு சிறு புரோகிராம் உள்ளே போகும். பிறகு கம்ப்யூட்டரில் இருந்து டேபிளும் மற்ற ஃபைல்களும் எழுதப்படும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மாடலில் 64 ஜிபி, 128 ஜிபி என்று சிப் மாறலாம். கடைசி பிளாக் எது என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் டேபிளை எழுதிய கையோடு ‘பேட்ச்’ என்று ஒரு படி வரும். சிப்பின் உண்மையான அளவைப் பார்த்து, கடைசிப் பார்ட்டிஷனை எல்லை வரை நீட்டி, நகல் டேபிள் இருக்கும் இடத்தைத் திருத்தி, செக்சமைப் புதிதாகக் கணக்கிடும்.

யு-பூட் என்ற ஓப்பன் சோர்ஸ் பூட்லோடரில் இந்த வேலையைப் பூட்லோடரே செய்துவிடும். பெயர், அளவு என்று வரிசையாக ஒரே வரியில் கொடுத்தால் டேபிளை எழுதிவிடும். கடைசிப் பார்ட்டிஷனுக்கு அளவு சொல்லாமல் ஒரு சிறு கோடு போட்டால் ‘மிச்சம் எல்லாம் உனக்கு’ என்று அர்த்தம்.

சில நொடிகளில் முடிகிற வேலைதான். ஆனால் அன்று போட்ட கோடு பெரும்பாலும் அந்தக் கருவியின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் கையில் போன பிறகு டேபிளை மாற்றுவதை நிறுவனங்கள் கூடுமானவரை தவிர்க்கின்றன. 2017-ல் ஒன்பிளஸ் இதைத்தான் சொன்னது. ஆண்ட்ராய்டு 8 உடன் கூகுள் கொண்டுவந்த ‘ட்ரெபிள்’ வசதிக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவை. எங்கள் பழைய போன்களில் அது இல்லை, அப்டேட் வழியாக மாற்றப் போனால் போன் ‘செங்கல்’ ஆகிவிடலாம் என்றது. வாடிக்கையாளர்களிடம் செம திட்டு. 2018-ல் ஒன்பிளஸ் 5, 5டி போன்களுக்கு எப்படியோ கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு 10-ல் கூகுள் ஒரு வழி கண்டுபிடித்தது. ‘சூப்பர்’ என்ற ஒரே பெரிய பார்ட்டிஷன், அதற்குள்ளே இன்னொரு சின்ன டேபிள். உள் டேபிளை அப்டேட்டில் மாற்றலாம், வெளி டேபிளைத் தொட வேண்டாம். சிப்காட் பிளாட்டின் காம்பவுண்டு அப்படியே இருக்க, உள்ளே ஷெட்டை இடித்துக் கட்டிக்கொள்வது மாதிரி.

போனை மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுகிறோம். ஸ்கூட்டர் அப்படியல்ல, 8 ஆண்டு வரை பேட்டரி வாரண்டி கொடுத்து விற்கிறார்கள். அத்தனை காலத்துக்கும் வரப்போகிற மேப், பாட்டு, புது ரைடு மோடு எல்லாம் முதல் நாள் போட்ட கோட்டுக்குள் அடங்க வேண்டும். டாஷ்போர்டில் மெமரியைக் கொஞ்சம் சிக்கனம் பிடித்தால், அதன் விலையை ஐந்தாவது வருடம் வாடிக்கையாளர்தான் கொடுப்பார்.

சரி, பவர் போனால்?

பழைய முறையில் புது சிஸ்டம் பழையதன் மேலேயே எழுதப்படும். பாதியில் நின்றால் ரெக்கவரி மறுபடி முயலும். ஆனால் அதற்குள் பழையது அழியத் தொடங்கியிருக்கும். திரும்பிப் போக இடமில்லை.

இதற்கு மாற்றாக, 2016-ல் ஆண்ட்ராய்டு 7 உடன் வந்ததுதான் ‘ஏ/பி’ முறை. முக்கியமான பார்ட்டிஷன்கள் எல்லாம் டேபிளில் ஜோடியாக இருக்கும்: பூட் ஏ, பூட் பி என்று. ஏ-வில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பி-யில் புதியது எழுதப்படும். நடுவில் பவர் போனால் நஷ்டம் பி-க்குத்தான். அடுத்த முறை ஏ-வில் வழக்கம்போல எழுந்துவிடும்.

புதியது முழுசாக எழுதப்பட்டும் அதில் கோளாறு இருந்தால்? கூகுள் குரோம்புக்கில் இதற்கான விடை ஜிபிடி பதிவிலேயே இருக்கிறது. அந்த 64 பிட் குறிப்புகளில் முன்னுரிமைக்கு 4 பிட், இன்னும் எத்தனை முறை முயலலாம் என்பதற்கு 4 பிட், ‘ஒருமுறை ஒழுங்காக எழுந்தது’ என்று குறிக்க 1 பிட். புது சிஸ்டம் எழாமல் தடுமாறினால் ஒவ்வொரு முறையும் பூட்லோடர் ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியம் வந்தால் பழையதுக்குத் திரும்பிவிடும். மொத்தம் 9 பிட். குவால்காம் சிப் போன்களிலும் இதே பாணிதான்.

இவ்வளவு நல்ல விஷயத்தை எல்லோரும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. ஜோடியாக வைத்தால் மெமரி கூடுதலாகப் போகுமே! சாம்சங் இதை முதலில் கொடுத்தது 2024-ல், கேலக்ஸி ஏ55 போனில்தான். ஆண்ட்ராய்டு 11-ல் வந்த ‘விர்ச்சுவல் ஏ/பி’ அந்த இடச் செலவைக் குறைத்தது. சிஸ்டத்தின் இரண்டாவது பிரதியை நிரந்தரமாக வைக்காமல், மாறிய பகுதியை மட்டும் தற்காலிகமாக யூசர் டேட்டா பக்கம் வைத்துக்கொள்ளும். பூட் போன்ற அடிப்படைப் பார்ட்டிஷன்கள் மட்டும் இன்றும் நிஜமாகவே இரண்டிரண்டு.

இதெல்லாம் டாஷ்போர்டு மாதிரியான கம்ப்யூட்டர்களுக்குத்தான். மோட்டாரையும் பேட்டரியையும் கவனிக்கும் போர்டுகளில் இருப்பவை சின்ன மைக்ரோகன்ட்ரோலர்கள். அவற்றில் பொதுவாக டேபிளே கிடையாது. எந்த முகவரியில் என்ன இருக்கும் என்பதை பூட்லோடரிலேயே நிலையாக எழுதிவிடுவார்கள். வண்டி அப்டேட் ஆகும்போது ‘அணைக்காதீர்கள்’ என்று ஸ்கிரீன் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏ/பி காப்பாற்றாத இடம் ஒன்று இருக்கிறது: சர்வீஸ் கடை. செத்துப்போன போனை எழுப்ப, மீடியாடெக் சிப் போன்களுக்கான ஃபிளாஷ் டூலில் ‘ஃபார்மேட் ஆல்’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அது டேபிளோடு சேர்த்து, ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் குட்டிப் பார்ட்டிஷனையும் துடைத்துவிடும். போன் புதிது போல எழும், சிக்னல் மட்டும் வராது. அந்தப் பார்ட்டிஷனுக்கு இணையத்தில் டவுன்லோடு கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு போனுக்கும் அது வேறு. ஃபோட்டோக்களும் போனவைதான். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் டேட்டா என்கிரிப்ட் செய்யப்பட்டிருப்பதால், சாவி இருந்த இடம் அழிந்தால் டெஸ்ட்டிஸ்க் வந்தாலும் திறக்காது. கடையில் போனைக் கொடுக்கும்போது ‘ஃபுல் ஃபார்மேட் போடுவீங்களா, இல்ல சாஃப்ட்வேர் மட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.