‘அண்ணாச்சி’ என்றால் என்ன குற்றம்? – நெல்லைப் பேச்சும் நம் கேலியும்



ராஜ் கௌதமனை நினைத்துக் கூடும் அவையில் நகைச்சுவையைப் பற்றிப் பேசுவது அவருக்கு உகந்ததே. 1993இல் ‘தலித் பண்பாடு’ எழுதியவர், 2002இல் வந்த ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலில் ஊரையும் தேவாலயத்தையும் கல்லூரியையும் கேலி செய்தார். அதைவிட அதிகமாகத் தன்னையே கேலி செய்துகொண்டார். கேலியை நாம் கலகத்தின் ஒரு வடிவமாகப் பார்ப்பதற்கு அவர் எழுத்து ஒரு காரணம்.

குத்துக்கல்வலசையைச் சுற்றியுள்ள ஊர்களில் கொடை வந்தால் வில்லுப்பாட்டு உண்டு, கரகாட்டம் உண்டு. இடையில் பையன்கள் போடும் காமெடியும் உண்டு. பகலில் பெயிண்ட் அடிப்பவரோ சித்தாள் வேலைக்குப் போகிறவரோ ராத்திரி கோடு போட்ட நோட்டில் அதை எழுதியிருப்பார். அவரை யாரும் எழுத்தாளர் என்று சொல்வதில்லை. ‘கேலிக்காரப் பய’ என்பதோடு சரி. அவர் கையாளும் கருவி என்ன என்பதை இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

நெல்லைப் பேச்சில் சிரிப்பு பெரும்பாலும் விளிச்சொல்லில் இருக்கிறது. ‘என்னவே’ என்று சொன்னால் எதிரே நிற்பவர் நமக்குச் சமம். ‘ஏலே’ இறங்கி வரும் சொல். தாய் சொன்னால் கொஞ்சல், சேக்காளி சொன்னால் உரிமை. பண்ணையார் வீட்டுச் சிறுவன் நம் தாத்தாவைப் பார்த்துச் சொன்னால் அது வேறு. ஒரே சொல்தான். யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போகிறது என்பதில் சாதி உட்கார்ந்திருக்கிறது.

பாமா இதைப் பிடித்துக்கொண்டார். அவர் ராஜ் கௌதமனின் தங்கை. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர். 1996இல் வந்த அவருடைய ‘கிசும்புக்காரன்’ தொகுப்பில் ‘அண்ணாச்சி’ என்றொரு கதை. அம்மாசி என்ற தலித் இளைஞன் ஆதிக்க சாதி முதலாளியை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுகிறான். அவ்வளவுதான், அது வழக்காகிவிடுகிறது. கவனியுங்கள், அவன் வையவில்லை. பலசரக்குக் கடையில் நாள் முழுக்கப் புழங்கும் மரியாதைச் சொல் அது. ஆனால் அதற்குள் ‘அண்ணன்’ இருக்கிறான்; அண்ணன் என்றால் உறவு. மரியாதையே குற்றமாகிவிட்ட இடத்தில் சிரிப்பு யார் பக்கம் திரும்பும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த வித்தை நம் பையன்களுக்கும் கைவரும். உதாரணத்துக்கு, இரட்டைக் குவளையை வைத்து இப்படி ஒரு துணுக்கு எழுதலாம். தனிக் கிளாசுக்குப் பதில் காகிதக் கோப்பை வந்துவிட்ட டீக்கடை. நம்மாள் ஒருவர் முறைக்கிறார்:

‘எல்லாருக்கும் கிளாசு, எனக்கு மட்டும் பேப்பர் கப்பாவே?’

‘கோவப்படாதயும்வே. அவியளுக்கு ஊரு பூரா எச்சிபண்ணுன கிளாசு. ஒமக்கு யாரும் வாய்வைக்காத புதுக் கப்பு. இப்ப யாருவே ஒசத்தி?’

இதைப் பொதுத் தமிழில் எழுதினால் மனுவாகிவிடும். இந்தப் பேச்சில் தீட்டின் கணக்கே தலைகீழாகிறது.

வழக்கை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. சினிமா நம் பேச்சை இழுத்து நீட்டி, பேச்சு முறையையே பார்த்துச் சிரிக்கவைக்கிறது. ‘சொல்லுதேன்’ என்பது கொச்சையல்ல. ‘கிறு’ வரும் இடத்தில் ‘து’ வருவது இப்பக்கத்து இலக்கணம். ஒழுங்காகவே வரும். எல்லாச் சொல்லையும் உடைத்து எழுதினால் படிப்பவன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான், நம்மோடு சிரிக்கமாட்டான். நாலைந்து இடத்தில் சரியாக விழுந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் மேடைக் காமெடியில் பாதி, பெண்களையும் உடல் குறையுள்ளவர்களையும் வைத்து ஓடுகிறது. நமக்கும் கீழே தள்ளப்பட்ட புதிரை வண்ணார் மீதும் கேலி பாய்கிறது. பண்ணையாரின் ‘ஏலே’யை வாங்கி அடுத்தவன்மேல் எறிவதற்கு நாம் எதற்கு? பாமாவின் ‘சங்கதி’யில் (1994) வரும் பெண்களைப் படியுங்கள். அவர்கள் வாய்க்கு முன்னால் நம் மேடை பபூன் நிற்கமாட்டான்.

பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாமலே மராத்தியில் எழுதியவர் அண்ணாபாவ் சாத்தே (1920–1969). தலித் சாதிகள் ஆடிவந்த தமாஷா ஆட்டத்தைத் தொழிலாளர் மேடைக்கு ஏற்றபடி அவர் மாற்றினார். அவர் எழுதியவை அச்சேறியதால் இன்றும் இருக்கின்றன. நம் நோட்டுகள் கொடை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ‘வம்பு வேண்டாம்லே, கிழிச்சிப் போடு’ என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு. அவர்களைக் கோழை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு சொல்லுக்கு என்ன விலை கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்படி நோட்டு கிடந்தால் கொண்டு வாருங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் பெயரில்லாமலே அச்சிடுகிறோம். ‘சொல்லுதேன்’ என்பதைச் ‘சொல்கிறேன்’ என்று திருத்தமாட்டோம்.