இழுக்க இழுக்க இறுகும் பிடி

நீர்க்கடுப்பு வந்தால் நம் வீடுகளில் முதல் குற்றவாளி சூடு. வெயிலில் அலைந்தது, தூக்கம் கெட்டது, பஸ்ஸில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது என்று காரணங்கள் வரிசையாக வரும். இளநீரும் நீர்மோரும் பின்னாலேயே வரும். அந்த வைத்தியத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. உடம்பில் தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானால் எரியத்தான் செய்யும்; நிறையக் குடித்தால் அடங்கவும் செய்யும். ஆனால் இளநீருக்கு அடங்காத கடுப்பு ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவைக்கும், போனால் நாலு சொட்டுதான் வரும், அந்த நாலு சொட்டும் நெருப்பாக எரியும். அதற்குப் பெரும்பாலும் காரணம் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியா. 1885இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தது இதைத்தான். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் சாது.

பெண்களின் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. ஆசனவாய்ப் பக்கத்துக் கிருமி ஏறிவர அந்தச் சிறு தூரம் போதும். பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறதென்றால், முதலில் பார்க்கவேண்டியது இந்த அளவை. 'சுத்தமாக இல்லை' என்று அந்தப் பெண்ணைக் குறைசொல்வது நியாயமும் இல்லை, அறிவியலும் இல்லை.

நுழைவது எளிது, சரி. தங்குவது எப்படி? சிறுநீர்ப்பையைப்போலக் கிருமிக்கு ஒவ்வாத இடம் உடம்பில் குறைவு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதெல்லாம் மொத்தமாக வெளியேறிவிடும். எதையாவது பிடித்துக்கொள்ளாத கிருமி அதோடு போய்ச்சேரும்.

ஈ.கோலி பிடித்துக்கொள்கிறது. அதன் உடம்பைச் சுற்றிலும் நுண்ணிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்-எச் என்ற புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் உள்ள புரதங்களின்மேல் மானோஸ் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கும். ஃபிம்-எச் கவ்வுவது அந்தச் சர்க்கரையை. இரண்டு மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் ஒட்டு விட்டுப்போவதுதான் இயல்பு. இங்கே நடப்பது தலைகீழ். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் இதைக் காட்டினார்கள்: நீரோட்டம் மெதுவாக இருந்தபோது பாக்டீரியாக்கள் லேசாகத் தொற்றிக்கொண்டு நகர்ந்தன, ஓட்டத்தைக் கூட்டியதும் நின்ற இடத்தில் உறுதியாகப் பிடித்துக்கொண்டன. கன்று திமிறத் திமிறக் கழுத்தில் இறுகும் சுருக்குக் கயிறு மாதிரி. போதாததற்கு அந்த இழையே சுருளாக அமைந்தது. வேகம் கூடினால் சுருள் அவிழ்ந்து நீளும், அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், வேகம் குறைந்ததும் மறுபடி சுருண்டுகொள்ளும். இழைகள் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது: டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டு ஒருபக்கம் திரும்பியிருந்தால் இழை முளைக்கும், அதுவே தலைகீழாகப் புரண்டால் நின்றுவிடும். மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிருக்கு இவ்வளவு சாமர்த்தியம்.

நம் உடம்பும் சும்மா இல்லை. ஆரோக்கியமான சிறுநீரில் மிக அதிகமாக உள்ள புரதம் யூரோமோடுலின். சிறுநீரகம் இதைத் தினமும் தயாரித்துச் சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. 1950இல் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் இருவரும் இதைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பு ஏன் இவ்வளவு புரதத்தை வீணாகக் கொட்டுகிறது என்ற கேள்விக்குத் தெளிவான படம் கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூரிச் ஆய்வாளர்கள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைவிட்ட நீண்ட இழைகளாக அது தெரிந்தது. அந்தக் கிளைகளில் ஃபிம்-எச் தேடும் அதே மானோஸ்! சுவரைப் பிடிக்கவேண்டிய கிருமி இந்தப் பொய்ச் சுவரைப் பிடிக்கிறது, கூட்டம் கூட்டமாக அதில் சிக்குகிறது, அடுத்தமுறை சிறுநீர் கழிக்கும்போது வெளியேறுகிறது. தினசரி எத்தனையோ தொற்றுகள் நமக்குத் தெரியாமலே இப்படித் தொடக்கத்திலேயே முடிந்துபோகின்றன.

அதையும் தாண்டிச் சுவரைப் பிடித்துவிட்ட கிருமி அடுத்து உள்ளே புகுகிறது. சிறுநீர்ப்பையின் மேலடுக்கில் குடைச் செல்கள் என்ற பெரிய செல்கள் உண்டு. செயின்ட் லூயிஸில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழுவினர், ஒரே குடைச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான ஈ.கோலி அடைந்து பெருகுவதை எலிகளில் பார்த்து 2003இல் எழுதினார்கள். நாலு ஆண்டுகள் கழித்து, தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் அதே கூட்டங்கள் தென்பட்டன. செல்லுக்குள் சிறுநீர் ஓட்டம் இல்லை, வெள்ளையணுவின் தொல்லை குறைவு, பல மருந்துகள் அங்கே சரியாக எட்டுவதும் இல்லை. உடம்பு இதற்குக் கடுமையான முடிவு எடுக்கிறது: கிருமி புகுந்த செல்லையே உரித்து எறிகிறது. கிருமி போகும், ஆனால் மேலடுக்கு போனதும் அடியில் உள்ள இளஞ்செல்கள் வெளியே தெரியும். சில கிருமிகள் அவற்றுக்குள் நுழைந்து, பெருகாமல், வாரக்கணக்கில் உறங்கிக் கிடப்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஒருமுறை வந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி வருவதற்கு இந்த உறக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று குடலிலிருந்து புதிதாக ஏறிவருவது. 'மாத்திரை சாப்பிட்டும் போகவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்குப் போய்த் திரும்பி வந்ததுதான் உண்மை.

சிகிச்சை பற்றி ஒன்றிரண்டு சொல்லியாக வேண்டும். காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கவே கூடாது. மற்றவர்கள் செய்யக்கூடாதது, மெடிக்கலில் வாய்ச்சொல்லாகக் கேட்டு ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது. நம் நாட்டு ஈ.கோலிக்குப் பிரபலமான பல மாத்திரைகள் பழகிப்போய்விட்டன. யூரின் கல்ச்சர் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லிவிடும். 1953இல் வந்த நைட்ரோஃபுரன்டாயின் இன்னும் கைகொடுப்பது ஓர் அதிசயம்: அது ரத்தத்தில் தங்காமல் சிறுநீரில் போய்ச் சேர்கிறது, அங்கே கிருமியை ஒரே சமயத்தில் பல இடங்களில் தாக்குகிறது. ரத்தத்தில் தங்காத அதே காரணத்தால் சிறுநீரகத் தொற்றுக்கு அது உதவாது. குணமானபின், கர்ப்பிணி அல்லாதவர், தொந்தரவே இல்லாதபோது மறுபடி கல்ச்சர் எடுத்து, அதில் கிருமி தெரிந்ததென்று மருந்து தின்பதும் வேண்டாத வேலை.

திரும்ப வராமல் இருக்க? ஃபிம்-எச் மானோஸைத் தேடுகிறதென்றால் மானோஸைத் தூளாகக் குடித்தால் ஏமாறாதா என்ற யோசனை அழகானது. விற்பனையும் நன்றாக நடந்தது. 2024இல் பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் பழச்சர்க்கரை குடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கிரான்பெர்ரி கொஞ்சம் உதவுகிறது. ஆனால் நம்மூரில் அது விற்கும் விலைக்கு முதலில் தண்ணீரை முயலலாம். பல்கேரியாவில் அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களில் பாதிப் பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓர் ஆண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2. ஆனால் நிறையக் குடிக்கக் கழிப்பறை வசதியும் வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது, நல்லது. கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்பவர்களுக்கு இன்னொரு திருத்தமும் தேவை என்பேன்.

மாதவிடாய் நின்றவர்களின் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பைக் காத்துவந்த லாக்டோபேசிலஸ் கூட்டம் சுருங்குகிறது, அமிலத்தன்மை போகிறது, ஈ.கோலி வந்து அமர்கிறது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இதைப் பெருமளவு தடுக்கும் என்பது 1993 முதலே தெரியும். நம் பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் அதை யாரும் எடுத்துச்சொல்வதில்லை, கேட்க அவர்களுக்கும் கூச்சம்.

கடைசியாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புழக்கத்துக்கு வந்து, ஆன்டிபயாடிக்குகளால் ஓரங்கட்டப்பட்ட மெத்தெனமின். அமிலச் சிறுநீரில் இது ஃபார்மால்டிஹைடாக உடைகிறது. அதற்குக் கிருமி பழகிக்கொள்வது அரிது. 2022இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் 240 பெண்களிடம் ஒப்பிட்டபோது, திரும்ப வராமல் தடுப்பதில் தினசரி ஆன்டிபயாடிக்குக்கு ஈடாக வைக்கத்தக்கது என்று தெரிந்தது. இதை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், எரிச்சலுக்கு மெடிக்கலில் வாங்கும் சிட்ரேட் சிரப்பைக் கூடவே குடிக்கக் கூடாது. அந்தச் சிரப் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துவிடும், மெத்தெனமின் உடையாமல் அப்படியே வெளியே போய்விடும்.