புழு இல்லாத தோட்டத்தில் குருவிக்கு என்ன வேலை?

கொல்லையில் பூச்செடி வைக்கிறவர்கள் இப்போது கூடவே இன்னொன்றும் எதிர்பார்க்கிறார்கள். பறவை வர வேண்டும். தேன்சிட்டு வர வேண்டும், கொண்டைக்குருவி கூடு கட்ட வேண்டும், முடிந்தால் சிட்டுக்குருவியும் குடியேற வேண்டும். அதற்காக மண் கிண்ணம் வாங்குகிறார்கள், கூட்டுப் பெட்டி மாட்டுகிறார்கள், சிவப்பாகப் பூக்கும் செடிகளாகத் தேடி எடுக்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, கறிவேப்பிலைக் கன்றில் நாலு புழுவைக் கண்டதும் தெளிப்பானைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பூவும் வேண்டும், பறவையும் வேண்டும், இலையில் மட்டும் ஓர் ஓட்டை விழக்கூடாது என்றால் கணக்கு உதைக்கிறது. ஒரு வீட்டுத் தோட்டத்தில் பறவை தங்குவது பூவின் நிறத்தாலோ கிண்ணத்தின் அழகாலோ அல்ல. அங்கே எவ்வளவு புழு பூச்சி உயிரோடு விடப்படுகிறது என்பதால்தான்.

தேன்சிட்டையே எடுத்துக்கொள்வோம். தேன் குடிக்கிற பறவைக்குப் பூ இருந்தால் போதாதா என்று தோன்றும். தேன் பறப்பதற்கான எரிபொருள். அதில் சர்க்கரை உண்டு, புரதம் பெயரளவுக்குத்தான். முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு இரண்டு வாரம் சொச்சத்தில் இறகு முளைத்துப் பறந்தாக வேண்டும். அந்த வளர்ச்சிக்குப் பெற்ற பறவைகள் அலகில் கவ்வி வருவது சிலந்தியையும் சின்னப் புழுக்களையும். கிளையில் பை போலத் தொங்கும் அதன் கூட்டைப் பாருங்கள். புல்லும் நாரும் பட்டைத் துணுக்கும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது சிலந்தி நூலால். கூட்டின் வெளிப்புறத்தில் புழுக்களின் எச்சத்தைக்கூட அது ஒட்டிவைக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ குப்பை காற்றில் சிக்கித் தொங்குவது போலத்தான் தெரியும், அதுவே கூட்டுக்குக் காவல். தையல்சிட்டும் அகலமான இலையின் ஓரங்களில் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் நாரையும் கோத்துத்தான் கூடு தைக்கிறது. பண்டிகை வந்தால் ஒட்டடைக் குச்சியை வீட்டோடு நிறுத்தாமல் கொல்லைச் சுவர், செடி, வேலி வரைக்கும் கொண்டுபோகிறவர்கள் இந்தப் பறவைகளின் கட்டுமானப் பொருளை மொத்தமாக வாரிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் பிளாஸ்டிக் குப்பியில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட்டு என்ன பயன்? நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே புளித்துப் போவதுதான் மிச்சம்.

சிட்டுக்குருவி விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 2010 முதல் மார்ச் 20-ஐ உலக சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் பள்ளிகளில் மரப்பெட்டி கொடுக்கிறார்கள், நொய்யரிசி வைக்கச் சொல்கிறார்கள். வளர்ந்த குருவி தானியம் தின்னும், சரி. குஞ்சுக்கு முதல் சில நாட்கள் பூச்சி இல்லாமல் ஆகாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குருவிக் கூடுகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், செடி வகை உணவு அதிகம் ஊட்டப்பட்ட குஞ்சுகள்தான் மெலிந்தும் செத்தும் போனது தெரியவந்தது. பெற்றோர் சோம்பேறிகள் அல்ல. நகரத்தில் அவற்றுக்குப் புழு கிடைக்கவில்லை. லண்டனில் பின்னர் குருவிகளுக்குப் புழுக்களை வாங்கியே வைத்துப் பார்த்தார்கள். பறந்து வெளியேறிய குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியது, ஆனால் வளர்ந்த குருவிகளின் எண்ணிக்கை அதே அளவுக்கு ஏறவில்லை. எனவே புழு ஒன்றே சர்வரோக நிவாரணி என்று சொல்வதற்கில்லை. இடம், பூனை, காகம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நாம் வைக்கும் அரிசி முதலில் கூப்பிடுவது யாரை? புறாவையும் காகத்தையும். காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிப் போகிற பறவை. அதைக் கூப்பிட்டுப் பந்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கூட்டுப் பெட்டியையும் மாட்டுவதில் உள்ள விசித்திரத்தை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

புழுவுக்கு எல்லா இலையும் ஆகாது. ஒவ்வொரு செடியும் தன்னைக் காத்துக்கொள்ள ஏதோ ஒரு நஞ்சையோ கசப்பையோ இலையில் வைத்திருக்கிறது. அந்த நஞ்சைச் செரிக்கக் காலங்காலமாகப் பழகிய புழு மட்டுமே அந்த இலையைத் தின்னும். எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு வரும். சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கிடந்து ஏமாற்றும். நந்தியாவட்டையில் பெரிய பச்சைப் புழுவாக வளர்வது அந்துப்பூச்சியின் பிள்ளை. நாம் காசு கொடுத்து வாங்கி வரும் செடிகள் எப்படி? காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது; குரோட்டன், கொரியன் புல் எல்லாமே நம் ஊர்ப் புழுக்களுக்குப் பெரும்பாலும் தின்னத் தெரியாத இலைகள். “பூச்சியே வராது” என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்வாரே, அது உண்மைதான். பறவையின் கண்ணில் அந்தச் செடி காலித் தட்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவையை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. தோட்டத்துத் தாவரத் தொகுதியில் அயல் செடிகளின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பறவையின் கூட்டம் தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்றது அது. சிக்கடி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் பிடிக்கிறது என்ற கணக்கும் அமெரிக்காவில் சொல்லப்படுவதுதான். நம் ஊர்ப் பறவைக்கு எண்ணிக்கை மாறலாம். ஆனால் நாலு புழுவைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அயல் செடி அத்தனையும் வீண் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். சர்க்கரைப் பழ மரம் அமெரிக்க வெப்ப மண்டலத்துக்காரன்தான். ஆனால் அது இருக்கும் கொல்லையில் பூக்கொத்தியும் கொண்டைக்குருவியும் நாள் முழுக்கப் பழத்துக்கு வந்துபோகும். பழம் எல்லோருக்கும் பொது, இலைதான் தெரிந்தவர்க்கு மட்டும். பூக்களிலும் ஏமாற்று உண்டு. ஒற்றை அடுக்குச் செம்பருத்தியில் தேன்சிட்டுக்கு வேலை இருக்கிறது. இதழ் மேல் இதழாக அடுக்கி வளர்த்த ரகங்களில் மகரந்தத்துக்கு உரிய உறுப்புகளே இதழாக மாறிவிட்டதால் கண்ணுக்கு விருந்து, பூச்சிக்குப் பட்டினி. கோயில் வாசல்களில் மணக்கும் ஈழத்து அலரியில் சொட்டுத் தேன் கிடையாது. வாசத்தை மட்டும் காட்டி இரவு அந்துப்பூச்சிகளை வரவழைத்து வேலை வாங்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு அனுப்புகிற மரம் அது. மாறாக, பழைய கொல்லைகளில் சமையலுக்கென்று நின்ற அகத்தி, முருங்கை, பாத்திரம் கழுவின தண்ணீரில் வளர்ந்த வாழை, வேலியோரத்துக் கல்யாண முருங்கை இவைதான் பறவைக்குத் தேன் கொடுத்த மரங்கள். இட்லிப்பூவையும் சேர்த்துக்கொள்ளலாம். பூந்தோட்டம் என்று இவற்றை யாரும் சொன்னதில்லை.

இனி தெளிப்பான். கவலையெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. செடிக்குப் பூச்சி வந்தால் கடையில் சின்னப் பொட்டலமாகவோ குப்பியாகவோ கிடைப்பவற்றில் இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் வகைகள் முக்கியமானவை. இவை இலை மேல் தங்கிக் காய்ந்து போகிற ரகம் அல்ல. வேர் வழியாகவும் இலை வழியாகவும் உள்ளே போய்ச் சாற்றோடு கலந்து தண்டு, தளிர், மகரந்தம், தேன் எல்லாவற்றிலும் சேர்ந்துவிடும். செடியே நஞ்சாகிவிடுகிறது. மழை பெய்தால் கழுவிப் போய்விடும் என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த இரண்டையும் இதே குடும்பத்து இன்னொன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது, முதன்மையாகத் தேனீக்களுக்காக. பறவைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தில் 2014-ல் வெளியான ஆய்வு இருக்கிறது. நீர்நிலைகளில் இமிடாகுளோப்ரிட் லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்த பகுதிகளில் பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 சதவீதம் குறைந்துகொண்டே வந்தன. நில மாற்றம் போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் மாடித்தோட்டங்களிலோ அளவு “ஒரு மூடி”. மூடி எந்தக் குப்பியின் மூடி என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால், வயலில் லிட்டர் லிட்டராக அடிக்கிறார்களே, வீட்டுக் கொல்லையில் ஒரு மூடி என்ன செய்துவிடும் என்பார்கள். விவசாயிக்கு விளைச்சல் போனால் வருமானம் போகிறது, கடன் நிற்கிறது. அவருக்கு ஒரு நியாயம் உண்டு. வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் யாருக்கு என்ன நட்டம்? தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி விழுந்துவிடும். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும், அதை விட்டு வைத்திருந்தால். தெளித்த மருந்து அசுவினியோடு பொறிவண்டையும் சேர்த்தே கொல்கிறது. அசுவினி சில நாளில் பெருகிவிடும், பொறிவண்டு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது, ஆகவே அடுத்த முறை பூச்சி இன்னும் பலமாக வரும், மருந்தும் இன்னும் கொஞ்சம் கூடும். இதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. 2008-ல் கோவைப் பகுதியில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவி ஆட்டிவைத்தது. எவ்வளவு அடித்தும் மருந்துக்கு மசியவில்லை. அதன் உடம்பிலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை ஒட்டவிடாது. 2010-ல் அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. அந்தக் குளவியும் ஒரு பூச்சிதான். தெளிப்பான் ஆள் பார்த்து அடிப்பதில்லை.

இயற்கை வழி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். வேப்பெண்ணெயும் இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலும் மனிதருக்குத் தீங்கு குறைந்தவைதான். நிலத்திலும் அதிக நாள் தங்காது. ஆனால் வேம்பின் சாரம் வேலை செய்வதே புழுவைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்துதான். வாரம் தவறாமல் “முன்னெச்சரிக்கையாக” அதை எல்லாச் செடிக்கும் அடிக்கிற கொல்லையில் பறவைக்கு விளையும் பயன் இரசாயனத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மேல், அவ்வளவே. தையல்சிட்டு சீசாவின் மேல் ஒட்டிய “இயற்கை” முத்திரையைப் படிப்பதில்லை.

எதிர்ப்புகளில் சில நியாயமானவை. காய்கறிப் பாத்தியைப் புழுவுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. கத்தரிக்கும் முட்டைகோசுக்கும் வலை போடலாம், கையால் பொறுக்கலாம். பொறுக்கியதைக் கறிவேப்பிலைப் பக்கம் விட்டால் அங்கே அது பிழைக்காது, ஏனென்றால் அதன் இலை வேறு; வலைக்கு வெளியே மண்ணில் போட்டுவிட்டால் மைனா வந்து எடுத்துக்கொள்ளும். முருங்கையில் மழைக்காலத்தில் அடை அடையாக ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்பூச்சி பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும். குழந்தைகள் விளையாடும் இடமென்றால் அதைப் பந்தம் கொண்டு அழிப்பதில் எந்தத் தவறும் இல்லை. குயில் குடும்பத்தில் சுடலைக் குயில் போன்றவை அதையும் விரும்பித் தின்னும் என்றாலும், அவை வரும்வரை காத்திருக்கச் சொல்வது வீண் வாதம். கொசு பயம்தான் பலருக்கும் பெரிது. டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கிறது. பறவைக் கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். வெறுமனே கொட்டினால் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும்.

சருகு என்றால் பாம்பு என்று சொல்லி அத்தனையையும் கூட்டி எரிக்கிற வழக்கமும் இருக்கிறது. கூட்டமாக வந்து இரைச்சல் போட்டபடி சருகைப் புரட்டிக் கரப்பானையும் கறையானையும் பொறுக்கும் தவிட்டுக்குருவிக்கும், தரையோரம் மேயும் குண்டுக்கரிச்சானுக்கும் அந்தச் சருகுதான் சாப்பாட்டு மேசை. பாம்பு வருவது பெரும்பாலும் எலிக்காக, எலி வருவது சிந்திய தானியத்துக்கும் குப்பைக்கும். அந்த வகையில் பார்த்தால் பறவைக்கென்று இரவெல்லாம் கிடக்கும் அரிசித் தட்டுதான் சருகைவிட ஆபத்து. சருகை வாசலை ஒட்டியும் சுவரை ஒட்டியும் குவிக்காமல், மரத்தடியில் மெல்லிய பரப்பாகப் போட்டு வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும்.

இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு, ஒரு தொட்டி எலுமிச்சையும் ஒரு தொட்டி நந்தியாவட்டையும் வைத்து அவற்றுக்கு மருந்தடிக்காமல் இருப்பதே போதுமான தொடக்கம். வாங்கும்போது நாற்றங்காலில் என்ன அடித்தார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. இலையில் ஒரு கடிகூட இல்லாமல் பளபளக்கும் செடிக்குப் பெரும்பாலும் பின்கதை உண்டு. மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள் உறையிலுள்ள வண்ண முக்கோணத்தைப் பார்த்து, பச்சை என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை, ஆய்வுக்கூட விலங்குகளுக்கு எவ்வளவு கொடுத்தால் சாகும் என்பதை வைத்து மனிதரின் கையாளும் பாதுகாப்புக்காகப் போடப்பட்டது. தேனீக்கோ புழுவுக்கோ அதைத் தின்னும் குஞ்சுக்கோ அந்த நிறம் எதையும் சொல்வதில்லை. பெரிய கேனிலிருந்து சின்னக் குப்பிக்கு ஊற்றி விற்பதில் அந்த முக்கோணமும் இருக்காது.