தானாக அணைந்து எழும் கணினி: கோளாறு பெட்டிக்குள்ளா, சுவருக்குள்ளா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில் மாலை ஏழு மணி. வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மாணவி ஒருத்தி பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய இடுபணியைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். நான்கு பக்கம் முடியும் நேரம். திடீரென்று திரை கறுத்துப் போகிறது. யாரும் எதையும் தொடவில்லை. ஒரு நொடியில் கணினி தானாகவே மறுபடியும் எழுந்து, ஒன்றும் நடவாதது போல முதலிலிருந்து தொடங்குகிறது. நான்கு பக்கமும் போயிற்று.

இது பல வீடுகளுக்குப் பழகிப்போன கதை. "வைரஸ் புகுந்துவிட்டது" என்பார் ஒருவர். "மதர்போர்ட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்பார் இன்னொருவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தாவுக்கோ, மலையிறங்கி ஈப்போவுக்கோ போனால், கடையில் அது நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் அன்று மாலையே பழைய குருடி கதவைத் திறடி. போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் சம்பளமும் போனதுதான் மிச்சம்.

உண்மையில் அந்தப் பயணம் வீணானதல்ல. கடையில் ஓடும் கணினி வீட்டில் மட்டும் அணைகிறது என்றால், கோளாறு பெட்டிக்குள் மட்டும் இல்லை, வீட்டுச் சுவருக்குள்ளும் இருக்கலாம் என்பதற்கு அதுவே முதல் தடயம்.

காய்ச்சல் எப்படி ஒரு நோயின் அறிகுறியோ, அப்படித்தான் கணினி தானாக அணைந்து எழுவதும். மின்சாரம் குறைந்தாலும், சூடு எல்லை மீறினாலும், நினைவகத்தில் பிழை நேர்ந்தாலும், உள்ளே இருக்கும் உறுப்புகளையும் தகவல்களையும் காப்பாற்றிக்கொள்ளக் கணினி தன்னை நிறுத்திக்கொள்கிறது. எனவே எந்த உறுப்பை மாற்றுவது என்று கேட்பதற்கு முன், எப்போது அணைகிறது என்று கேட்பதே சரியான தொடக்கம்.

மலையும் மின்சாரமும்

1885-இல் இப்பகுதியை நில அளவை செய்த வில்லியம் கேமரன் பெயரால் அமைந்த மலை இது. 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலம் முதல் தமிழ்ப் பாட்டாளிகளின் உழைப்பில் இங்கே தேயிலை விளைகிறது. 1960-களில் ரிங்லெட்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீரால் மின்சாரமும் தயாராகிறது. மின்சாரம் பிறக்கும் மலையில் மின்சாரக் குறையா என்று வியக்கத் தோன்றும். ஆனால் எங்கே உற்பத்தியாகிறது என்பதைவிட, கடைசிக் கம்பம் வரை எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் வீட்டுக் கணினிக்கு முக்கியம். நீண்ட கம்பிகள், அவற்றின் மேல் உரசும் மரக்கிளைகள், மாலை மழை, இடி மின்னல் எல்லாம் சேர்ந்து ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும்.

மலேசியாவில் 2008 முதல் வீட்டு மின்சாரத்தின் அறிவிக்கப்பட்ட அளவு 230 வோல்ட். அதற்குக் கீழே 6 விழுக்காடும் மேலே 10 விழுக்காடும் மாறலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 253 வோல்ட் வரை சரியான அளவே. கணினியின் பவர் சப்ளை இதைத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. ஆனால் மின்சாரம் ஒரேயடியாக விட்டு வந்தால் அதனால் தாக்குப்பிடிக்கக்கூடிய நேரம் மிகக் குறைவு, ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். விளக்கு லேசாக மின்னியதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். கணினிக்கு அது முழு மின்தடை.

வீட்டுக்குள்ளேயும் காரணம் இருக்கலாம். குளிர்ப் பகுதியில் சுடுநீர் சாதனம், மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, சோறு சமைக்கும் மின்பானை என எல்லாம் மாலையில் ஒன்றாக வேலை செய்யும். கணினியும் இவற்றில் ஒன்றும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், கெண்டி கொதிக்கத் தொடங்கும்போது கணினி அணைவதில் ஆச்சரியமில்லை.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. கணினியை வேறு அறையில், சுவரில் உள்ள தனிச் செருகியில் நேரடியாக மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கணினி அணையும் நொடியில் விளக்கும் மங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் மடிக்கணினி மட்டும் அணையாமல் ஓடினால் குற்றவாளி மின்சாரம்தான் என்று ஏறக்குறைய உறுதியாகும். மடிக்கணினிக்கு மின்கலம் கை கொடுக்கிறது. மேசைக் கணினிக்கு அந்தத் துணை இல்லை.

எதை வாங்குவது?

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். மின்னழுத்தம் நீண்ட நேரம் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்கும் வீட்டுக்கு ஸ்டெபிலைசர் உதவும். மின்சாரம் விட்டு விட்டு வந்தால் அதனால் பயனில்லை. அதற்கு மின்கலம் கொண்ட யூ.பி.எஸ். வேண்டும். மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் செருகுப்பலகை திடீர் உயர்வைத்தான் தடுக்கும், மின்சாரக் குறையை நிரப்பாது. யூ.பி.எஸ். வாங்கியவர்கள் அதில் கெண்டியையோ லேசர் அச்சுப்பொறியையோ மாட்டக்கூடாது. அதன் மின்கலமும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது.

இடி இடிக்கும்போது எந்தக் கருவியையும் நம்பி இருக்க வேண்டாம். செருகியைக் கழற்றுவதே காவல். மின்கம்பியோடு, இணையப் பெட்டிக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். இதையெல்லாம் இடி நெருங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

சுவரும் பெட்டியும் கூட்டுச் சேர்ந்து கெடுப்பதும் உண்டு. பவர் சப்ளையில் உள்ள மின்தேக்கிகள் வயதாக ஆக வலுவிழக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாங்கிய மின்சாரச் சிமிட்டலை இன்று தாங்காது. கடையில் நல்ல மின்சாரத்தில் அது ஓடுவதும் வீட்டில் விழுவதும் இதனால்தான். மதர்போர்டை மாற்றும் முன் வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது மலிவான சோதனை. ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக்கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

குளிர் ஊரில் சூடா?

15 முதல் 25 பாகை வரை வெப்பம் நிலவும் ஊரில் கணினி சூடாகுமா என்று கேட்கலாம். ஆகும். பனிக்குப் பயந்து கணினியைத் துணியால் போர்த்தி, மர அலமாரிக்குள் அடைத்து வைக்கும் பழக்கம்தான் காரணம். காற்று உள்ளே போகவும் வெளியே வரவும் வழியில்லாவிட்டால் வெளியில் இருக்கும் குளிரால் என்ன பயன்? ஈரக்காற்றும் தூசும் சேர்ந்து மின்விசிறியின் இறக்கைகளில் களிம்பு போல் ஒட்டிக்கொள்கின்றன. மேலும் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைவான சூட்டையே வெளியேற்றும்.

சூட்டின் அடையாளம் தெளிவானது. தொடங்கிய உடனே அணையாது. பத்து, இருபது நிமிடம் கழித்து, அதுவும் விளையாட்டு, காணொளி போன்ற கனமான வேலையின்போது அணையும். ஆறவிட்டால் மறுபடியும் சிறிது நேரம் ஓடும். செருகியைக் கழற்றி, பக்கப் பலகையைத் திறந்து, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்துவிட்டாலே பாதி நோய் தீரும். ஆண்டுகள் பலவாகிய கணினியில் செயலியின் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்திருக்கும். அதைக் கடையில் புதுப்பித்துக்கொள்ளலாம். திறந்தபோது மதர்போர்டில் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் அதுவே நோய். 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் விற்ற கணினிகளில் பெருமளவில் கண்ட குறை அது.

நினைவகமும் நச்சுநிரலும்

நேரம் காலமின்றி அணைகிறது, விளக்கு மங்கவில்லை, சூடும் இல்லை. நொடிப்பொழுது ஒரு நீலத்திரை மட்டும் தோன்றி மறைகிறது. அப்போது ரேமையோ டிரைவர் மென்பொருளையோ சந்தேகிக்க வேண்டும். விண்டோஸில் பிழை நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தெரிவை நீக்கிவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும். அதில் உள்ள எழுத்துகளைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டுவதும், விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை இரவு முழுக்க ஓடவிடுவதும் அடுத்த படிகள். நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண் இருந்தால் பயப்பட வேண்டாம். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை.

நச்சுநிரலால் கணினி அணைந்து எழுந்த காலமும் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற புழு, இணையத்தில் இணைந்த கணினிகளில் அறுபது வினாடி எண்ணிக்கை காட்டி அணைத்தது. 2004-இல் சாசர் புழு அதே வேலையைச் செய்தது. இரண்டிற்குமான திருத்தத்தை மைக்ரோசாப்ட் முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. போடாதவர்களே சிக்கினார்கள். ஆனால் 2024 ஜூலை 19-இல் கதை தலைகீழானது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பினால் உலகில் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. பல கணினிகள் திரும்பத் திரும்ப எழுந்து விழுந்தன. அவை பெரும்பாலும் நிறுவனங்களின் கணினிகள். காவல்காரனாலும் வீடு விழலாம் என்பதற்கு அது சாட்சி. அதற்காகக் காவலை விட்டுவிட முடியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் பழைய கணினி வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டும். நள்ளிரவில் மட்டும் கணினி அணைந்து எழுந்தால் அது கோளாறே அல்லாமல் விண்டோஸ் புதுப்பிப்பாகவும் இருக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கணினி மேசையின் மேல் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை அணையும்போதும் தேதி, நேரம், தொடங்கி எத்தனை நிமிடம், என்ன வேலை, விளக்கு மங்கியதா, மழையா இடியா, வேறு எந்த மின்கருவி ஓடியது என்று எழுதி வைக்க வேண்டும். பத்து வரி சேர்ந்தால் காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்தோடு கடைக்குப் போகிறவரிடம் யாரும் எளிதில் புதிய மதர்போர்டை விற்றுவிட முடியாது.

கோளாறு தீரும் வரை, பிள்ளைகளின் உழைப்பைக் காப்பாற்றுவதே முதல் கடமை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சேமிக்கும் பழக்கமும், வேலை முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பே சிதைந்துவிடலாம். கணினியைப் பழுது பார்க்கலாம், வேறொன்று வாங்கவும் செய்யலாம். நாளைக் காலை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டிய நான்கு பக்கங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.