வியாக்கியான ஆய்வுக்குக் கட்டுரை தேடும் முறை

திருவாய்மொழி வியாக்கியானங்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதப் புகுவோர், முந்தைய ஆய்வுகளைத் தேடுகையில் முதலில் இடர்ப்படுவது பெயர்களில்தான். நம்மாழ்வாரே சடகோபன், மாறன், பராங்குசன் என்றும் வழங்கப்பெறுகிறார். ஆங்கில ஆய்விதழ்களில் ழகரத்தைச் சிலர் ‘எல்’ என்னும் ஓரெழுத்தாலும், சிலர் ‘இசட்’, ‘எச்’ என்னும் ஈரெழுத்தாலும் குறிப்பர். ஆகவே ஜேஸ்டோர் போன்ற மின்தொகுப்புகளில் ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடின் பல கட்டுரைகள் அகப்படா. நம்பிள்ளையின் ஈட்டினை ‘முப்பத்தாறாயிரப்படி’ என்னும் பெயராலும் தேடுதல் வேண்டும்.

அடுத்த வழி, தேர்ந்த நூலொன்றின் துணைநூற்பட்டியலைப் பின்தொடர்வது. பிள்ளானின் ஆறாயிரப்படியை ஆராயும், கார்மன், வசுதா நாராயணன் ஆகியோரின் ‘தமிழ் வேதம்’ (1989) என்னும் ஆங்கில நூல் அத்தகையது. அப்பட்டியல் முன்னைய ஆய்வுகளைக் காட்டும். அந்நூலை மேற்கோளாகக் கொண்ட பின்னைய ஆய்வுகளைக் கூகுள் ஸ்காலர் காட்டும்.

இவ்வாறு தேடாமலே ‘இதனை எவரும் ஆராய்ந்திலர்’ என்றெழுதுவது முன்னோர் உழைப்பை மறைப்பதாகும். கிடைத்த கட்டுரையில் எடுத்துக்காட்டப்பெற்ற வியாக்கியான வாக்கியத்தையும் மூலப்பதிப்போடு ஒப்பிட்ட பின்னரே கையாளுதல் தகும். ஒருவர் கொண்ட பாடப்பிழை அடுத்தவர் கட்டுரையிலும் அவ்வாறே தொடர்வதுண்டு.