சைலன்டில் வைத்த பிறகும் செல்போன் ஒலிப்பது ஏன்? ஒலி அளவுகளைப் புரிந்துகொள்வது எப்படி?

கொல்கத்தா: இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி கொல்கத்தாவில் இருந்து விடுக்கப்பட்டது. ரைட்டர்ஸ் கட்டடத்தில் இருந்தபடி அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். மணி அடிப்பதும் பேச உதவுவதுமே அன்றைய கருவியின் முதன்மைப் பணி. இன்றைய ஸ்மார்ட்போனோ உறக்கத்தில் இருந்து எழுப்புகிறது, பாடுகிறது, வங்கிக் குறுஞ்செய்தி வந்ததைச் சொல்கிறது, புயல் வந்தால் எச்சரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி அளவு உண்டு. ஆனால் பக்கவாட்டில் இருப்பவை இரண்டே பொத்தான்கள். குழப்பம் அங்குதான் தொடங்குகிறது.

ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக மீடியா, ரிங்டோன், அறிவிப்பு, அழைப்பு, அலாரம் எனப் பிரிவுகள் உள்ளன. ரிங்டோனும் அறிவிப்பும் சில போன்களில் ஒன்றாகவே இருக்கும். முன்பெல்லாம் எதுவும் ஒலிக்காத நேரத்தில் பொத்தானை அழுத்தினால் ரிங்டோன் மாறும். 2018இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 முதல், மீடியா ஒலியே மாறும்படி அமைக்கப்பட்டது. கூட்டத்துக்குள் நுழையும்போது பொத்தானை அழுத்திக் குறைத்துவிட்டதாக நம்பியவரின் போன் நடுவில் உரக்க ஒலிப்பது இதனால்தான். இதற்கு நேர்மாறான நிலைதான் ஆபத்தானது. வீடியோ நன்றாகக் கேட்கிறதே என்று கவலையின்றி இருப்பவரின் ரிங்டோன் முழுவதும் குறைந்திருக்கலாம். மருத்துவமனையில் இருந்து வரும் அழைப்பு அவருக்குத் தெரியாமலே போய்விடும். பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றும் கோட்டின் அருகே உள்ள மூன்று புள்ளிகளையோ சிறு குறியையோ தொட்டால், எல்லா அளவுகளையும் ஒரே இடத்தில் காணலாம்.

எதிர்முனைக் குரல் கேட்கவில்லை எனச் சிலர் செட்டிங்ஸில் ரிங்டோனைக் கூட்டுகின்றனர். அதனால் பயனில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்த வேண்டும். காதருகே வைத்துப் பேசுவது, ஸ்பீக்கர், புளூடூத் ஆகிய மூன்றுக்கும் அளவு தனித்தனியாக நினைவில் வைக்கப்படும். அப்போதும் குரல் மெலிதாகவே இருந்தால், காதருகே வரும் வலைத்துளையில் தூசி அடைந்திருக்கிறதா எனப் பார்ப்பது நல்லது.

சைலன்டில் இருந்தாலும் அலாரம் ஒலிக்கும். ஐபோனிலும் அப்படியே. ஆனால் அதில் அலாரத்தின் அளவு பொதுவாக ரிங்டோன் அளவைப் பின்பற்றும் என்பதால், இரவில் ரிங்டோனைக் குறைப்பவர்களுக்குக் காலை அலாரமும் மெலிதாகவே கேட்கும். 'தொந்தரவு செய்யாதே' வசதியில், முக்கியமானவர்களின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். ஒருவரே மீண்டும் அழைத்தால் ஒலிக்கச் செய்யும் தெரிவும் உண்டு. அந்த இரண்டாவது அழைப்பு ஐபோனில் 3 நிமிடங்களுக்குள்ளும், ஆண்ட்ராய்டில் 15 நிமிடங்களுக்குள்ளும் வர வேண்டும். வயதான பெற்றோரைத் தனியே விட்டு வெளியூரில் இருப்போர் இதை இயக்கி வைத்திருப்பது அவசியம்.

இவை அனைத்துக்கும் அப்பாற்பட்டது பேரிடர் எச்சரிக்கை. சி-டாட் உருவாக்கிய செல் பிராட்காஸ்ட் முறை 2023ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் சோதிக்கப்பட்டபோது, செல்போன்கள் திடீரெனப் பேரொலி எழுப்பி அதிர்ந்ததில் பலர் திகைத்தனர். அது பழுதல்ல. 2020ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் தாக்கிய கொல்கத்தா போன்ற நகரங்களுக்கு இத்தகைய எச்சரிக்கையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. எரிச்சலில் அதை அணைத்து வைத்தவர்கள், செட்டிங்ஸில் அவசரநிலைப் பகுதிக்குச் சென்று மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். ஆயினும் போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ எச்சரிக்கை வந்து சேராது. ஆம்பனின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரத்துடன் செல்போன் சேவையும் முடங்கியது.

காதுக்குத் தீங்கு செய்யக்கூடியது பெரும்பாலும் மீடியா ஒலிதான். 1984 முதல் ஓடும் கொல்கத்தா மெட்ரோவின் இரைச்சலில் இயர்போன் அணிந்தவர், தம்மையறியாமலே பாட்டைக் கூட்டிக்கொண்டே செல்வார். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபலானால் 4 மணி நேரம் மட்டுமே. வெளி இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போன் இருந்தால் ஒலியைக் கூட்டும் தேவை குறையும். சாலையைக் கடக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும்.