காயலில் காத்திருத்தல்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால், திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோர்க்குக் காற்றின் வரவைப் பிறர் அறிவிக்க வேண்டுவதில்லை. மலைக்கோட்டைப் பாறையைச் சுற்றிவரும் அக்காற்றுத் தெருப்புழுதியை வாரி வீடுகளுக்குள் இறைக்கும். கதவுகளை அடித்துச் சாத்தும். கொடியில் உலரும் ஆடைகளை அடுத்த தெருவுக்குக் கொண்டு செல்லும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முன்னோர் பழமொழி. ஆயினும், இத்துணை வலியோடு வரும் காற்று நமக்கு நல்ல மழையைக் கொணர்வது அரிது. அஃது எங்கிருந்து வருகின்றது, வரும் வழியில் யாது செய்துவிட்டு வருகின்றது என்பதை நம்மில் பலர் எண்ணுவதில்லை. யாமும் சென்ற ஆண்டுவரை எண்ணியதில்லை.

எம்மை எண்ணத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எம் பெரியப்பா ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றவர். தம் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, அவரும் பெரியம்மாவும் மலையாள நாட்டு வேம்பநாட்டுக் காயலில் நான்கு நாள் படகுப் பயணம் செய்யப் புறப்பட்டனர். ஆலப்புழையில் படகேறி, முகம்மாவில் தங்கி, காயலைக் கடந்து குமரகம் அடைந்து, ஞாயிறு ஆராதனைக்குக் கோட்டயம் சேர்வதென்பது ஏற்பாடு. ஆனால், முகம்மாத் துறையில் படகோட்டி படகைக் கட்டிவிட்டார். "இன்று காயல் சரியில்லை, காற்று அடங்கட்டும்" என்றார். ஒன்றரை நாள் அவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. ஞாயிறு ஆராதனையும் தவறிற்று. பேருந்தேறிச் சாலை வழியே போயிருக்கலாகாதோ எனின், காயலைப் படகிலே கடப்பதே அவர்தம் பயணத்தின் நோக்கமாகும். திரும்பி வந்து பெரியப்பா இதனைக் குறையாகச் சொன்னபோது யாம் நகைத்தோம். வெயில் காய்ந்த ஒரு பகற்பொழுதில், காற்றுக்கு அஞ்சி ஒரு படகு நிற்பதா என்று எண்ணினோம். பின்னர் உசாவி அறிந்தவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துரைக்கின்றோம்.

எமது நகைப்புக்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் வளர்ந்தவர்க்குப் படகு என்றவுடன் நினைவுக்கு வருவது கோடைக்கானல் ஏரியே. 1863ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் லெவிஞ்சு துரை கரை எழுப்பி அமைத்த ஏரி அது. அதனைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டரே. அங்கே எப்பக்கம் நோக்கினும் கரை அண்மையிலேயே தோன்றும். மழை தூறினால் துடுப்பைச் சற்று விரைந்து வலித்தால் போதும், கரையேறிவிடலாம். இத்தகைய ஏரியில் படகு விட்டவர்க்குக் காத்திருத்தல் என்னும் கலை தெரியாமை இயல்பே.

வேம்பநாட்டுக் காயலோ வேறு வகையினது. காயல் என்பது கடலை அடுத்துக் கிடக்கும் உப்பங்கழி. பழைய காயல், காயல்பட்டினம் என்னும் நம் ஊர்ப்பெயர்களிலும் அச்சொல் வாழ்கின்றது. வேம்பநாட்டுக் காயலின் நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். அகன்ற இடத்தில் அகலம் 14 கிலோமீட்டர் வரை ஆகும். ஆலப்புழை, முகம்மா, குமரகம், வைக்கம் முதலிய ஊர்கள் இதன் கரைகளிலும் கரையை அடுத்தும் அமைந்துள்ளன. சாலைகள் பெருகாத காலத்தில் இவ்வூர்களைப் பிணைத்த நெடுஞ்சாலை நீரே. இன்றும் அரசினர் படகுகள் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளரையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டு செல்கின்றன.

மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு இந்நீர்வழியில் மற்றோர் உறவும் உண்டு. சர்ச் மிஷன் சங்கத்தாரின் தொண்டு 1816இல் தாமஸ் நார்ட்டன் ஐயரால் ஆலப்புழையில் தொடங்கிற்று. கோட்டயத்தில் அச்சங்கத்தாரின் கல்லூரி 1817ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டுள்ளது. அங்கே பெஞ்சமின் பெய்லி ஐயர் அச்சுக்கூடம் அமைத்து மலையாள எழுத்துக்களை வார்த்தார். ஹென்றி பேக்கர் ஐயரும் அவர்தம் மனைவியார் அமேலியா அம்மையாரும் கோட்டயத்தில் குடியேறித் தொண்டாற்றினர். அம்மையார் நம் தஞ்சையில் கோல்ஹாஃப் குருமார் குடும்பத்தில் பிறந்தவர். கோட்டயத்துப் பெண்மக்களுக்குக் கல்வி புகட்டியவர். அந்நாளில் ஆலப்புழைக்கும் கோட்டயத்துக்கும் இடையே செல்வோர், தொண்டராயினும் வணிகராயினும், காயலின் காற்றுக்கு உட்பட்டே சென்றனர்.

அக்காற்று யாது? நம் பழந்தமிழர் திசைக்கு ஒரு பெயராகக் காற்றுக்குப் பெயரிட்டனர். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். ஜூன் திங்கள் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலினின்று வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நீராவியைச் சுமந்து மலையாளக் கரையை அடைகின்றது. அங்கே மேற்குமலைத் தொடர் அதனைத் தடுக்கின்றது. காற்று மலைமேல் ஏற ஏறக் குளிர்கின்றது. குளிரக் குளிர நீராவி மேகமாகி மழையாகப் பொழிகின்றது. மலையைக் கடந்து இப்பக்கம் இறங்கும்போது அக்காற்று வெம்மையுற்று வறண்டுவிடுகின்றது. பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட நம் சமவெளியில் புழுதி வாரும் ஆடிக்காற்று இதுவே. நமக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகைப் பருவமாகும். ஆகவே, நம் வீட்டுக் கதவை அடிக்கும் காற்றும், முகம்மாவில் எம் பெரியப்பாவின் படகைக் கட்டி நிறுத்திய காற்றும் ஒரே காற்றின் இரு முகங்கள்.

இனி, அக்காற்று நீரில் செய்யும் வேலையைக் காண்போம். அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் விரைவு, அது வீசும் நேரம், தடையின்றி அது நீர்மேல் ஓடும் தொலைவு. நிலத்தில் மரமும் வீடும் காற்றைத் தடுக்கும். திறந்த நீர்ப்பரப்பில் அத்தடை இல்லை. எனவே, கரையில் தென்னையோலை சலசலக்கும் அளவே தோன்றும் காற்று, நடுக்காயலில் வலிமிக்கதாயிருக்கும். மேலும், காற்றின் விரைவு இரு மடங்கானால், அது படகின்மேல் செலுத்தும் விசை இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். கரையில் நின்று நோக்குவோர் ஏமாறுவது இதனாலேயே.

ஆழமின்மையும் ஒரு தீங்கு. ஆழ்கடலில் அலைகள் நீண்டு, ஏறியிறங்க இடம் தந்து வரும். ஆழம் குறைந்த நீரிலோ அலையின் அடி தரையை உணர்ந்து வேகம் குறைகின்றது. பின்வரும் அலை நெருங்குகின்றது. அலைகள் குறுகிச் செங்குத்தாக எழுகின்றன. காயலில் பல இடங்களில் ஆழம் சில மீட்டர்களே. அங்கு எழும் அலை உயரத்தால் சிறிதாயினும், ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மோதுவதால், விளிம்பு தாழ்ந்த படகில் நீர் ஏறிவிடும். ஆழமில்லா நீர் அச்சமில்லா நீர் என்று கருதுவது பிழை.

படகின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். மலையாள நாட்டுக் கெட்டுவள்ளம் ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றுக் கயிறால் தைத்து அமைப்பது. முன்னாளில் நெல் முதலிய பொருள்களை ஏற்றிச் சென்றது. இந்நாளில் அதன்மேல் அறைகளும் கூரையும் எழுப்பி மக்கள் தங்கும் வீட்டுப்படகாக்கியுள்ளனர். உயர்ந்த கூரை காற்றுக்குப் பாயைப்போல் ஆகின்றது. மேற்பாரம் மிகுந்தால் படகு எளிதிற் சாய்கின்றது. ஆட்கள் ஒருபுறமாகத் திரண்டால் சாய்வு இன்னும் மிகும். இவற்றை அறிந்த படகோட்டி காற்று மிகும் நாளில் கரையை விடாதிருப்பது அச்சத்தாலன்று, அறிவினாலேயாம்.

பருவக்காற்று ஒன்றே இடையூறென்று எண்ணற்க. ஐப்பசியிலும் சித்திரையிலும் காலை தெளிந்திருக்கும். பிற்பகலில் மலைமேல் இடிமேகம் திரளும். மேகத்தினின்று விழும் மழை தன்னைச் சூழ்ந்த காற்றைக் குளிர்விக்க, குளிர்ந்து கனத்த அக்காற்றுக் கீழே விழுந்து நாற்புறமும் பரவும். மழைக்கு முன்னே திடீரெனக் குளிர்ந்து வீசும் காற்று இதுவே. எம் பெரியம்மா அந்த ஒன்றரை நாளில் படகோட்டியிடம் கேட்டறிந்த குறிகளைத் தம் பாட்டுப் புத்தகத்தின் பின்தாளில் எழுதி வந்திருந்தார். தொலைவில் நீர்மேல் கருங்கோடொன்று விரைந்து வந்தால், காற்று வருகின்றது. அலைகளின் தலை வெளுத்தால் சிறுபடகு கரை நாடுக. புழுக்கத்திடையே குளிர்காற்று முகத்தில் பட்டால், மழையை எதிர்பாராது உடனே படகைக் கட்டுக. கடக்க வேண்டுமெனின் விடியற்காலையே தக்க பொழுது. இவை நூலிற் காணும் விளக்கங்களோடு ஒத்திருப்பதை யாம் பின்னர்க் கண்டு வியந்தோம்.

காத்திருக்க மனமின்மையின் விலை யாது என்பதற்கு இக்காயலே சான்று. 2002ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் காலையில், முகம்மாவிலிருந்து குமரகம் நோக்கிச் சென்ற பயணிகள் படகொன்று அக்கரை அடையுமுன் மூழ்கிற்று. 29 பேர் மாண்டனர். அதில் சென்றோருள் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதப் புறப்பட்டவர். படகு தாங்கத்தக்க அளவினும் மிகுதியாக ஆட்கள் ஏறியிருந்தனர். அங்கே பகையாயிற்று காற்றன்று, பாரமே. ஆயினும், அடுத்த படகுக்கு நிற்கப் பொழுதில்லை என்னும் எண்ணம் நம்மனைய இளைஞர் எவர்க்கும் தோன்றக் கூடியதன்றோ? தேர்வு மணி அடிக்குமுன் மண்டபம் சேர வேண்டுமென்று நாம் எத்தனை முறை நெரிசலில் தொற்றியிருக்கின்றோம்! இதனைப் படித்தறிந்த நாளில் எம் நகைப்பு அடங்கிற்று.

திருமறை பயின்றார்க்கு இவ்விரு பாடங்களும் புதியனவல்ல. கலிலேயாக் கடல் எனப்படுவதும் உண்மையில் ஓர் ஏரியே. அதன் நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அகலம் 13 கிலோமீட்டர். வேம்பநாட்டுக் காயலின் அகலத்தோடு ஏறக்குறைய ஒப்பது. கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அப்பள்ளத்தில், சுற்றியுள்ள மேட்டு நிலங்களினின்று குளிர்காற்றுத் திடீரென இறங்கும். கப்பர்நகூமிலும் பெத்சாயிதாவிலும் வாழ்ந்து, அந்நீரிலே மீன்பிடித்துப் பழகிய சீடர்களே அச்சத்தால் அலறினர் என்றால், அப்புயல் எளியதன்று என்பது விளங்கும்.

மற்றொன்று பவுல் அப்போஸ்தலரின் ரோமாபுரிப் பயணம். கிரேத்தாத் தீவில் நல்ல துறைமுகம் என்னும் இடத்தில் கப்பல் நின்றபோது, பருவம் கடந்தமையால் மேற்செல்லல் தீங்காகும் என அவர் எச்சரித்தார். நூற்றுக்கதிபதியோ அவர் சொல்லினும் மாலுமியின் சொல்லையே மதித்தான். மெல்லெனத் தென்றல் வீசியதும் எண்ணம் கைகூடிற்றென்று நங்கூரம் தூக்கினர். சிறிது நேரத்தில் கடுங்காற்று மோதிற்று. கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர்; ஆனால், சரக்கும் கப்பலும் அழிந்தன. இடர்ப்பட்டபோது காக்கும் அருள் வேறு. இடரை விலக்கும் அறிவு வேறு. முன்னதை நம்பிப் பின்னதைக் கைவிடுதல் பக்தியாகாது.

கோட்டயத்து ஆராதனையை இழந்த ஞாயிற்றுக்கிழமையில், எம் பெரியப்பாவும் பெரியம்மாவும் முகம்மாத் துறையருகே தங்கிய சிற்றறையில் இவ்வதிகாரத்தையே வாசித்தனராம். வாசித்து முடித்தபின், அதுகாறும் பயணக் குறிப்புத் தாளை மடித்தும் விரித்தும் மனம் புழுங்கிய பெரியப்பா, அதனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார் என்று பெரியம்மா கூறினார். மறுநாள் விடியலில் காற்று அடங்கிற்று. படகு கரையை விட்டது. ஒருமணிப் பொழுதில் குமரகம் வந்துவிட்டது. அத்துணைச் சிறு தொலைவுக்கோ ஒன்றரை நாள் நின்றோம் என்று பெரியப்பா வியக்க, நின்றமையால்தான் தொலைவு சிறிதாயிற்று என்று பெரியம்மா விடையளித்தாராம்.

இவ்வாண்டும் ஆடிக்காற்று நம் சமவெளியில் புழுதி வாரும். அப்பொழுது சன்னலைச் சாத்த எழும் நாம், மலைக்கு அப்பால் அதே காற்றில் படகைக் கட்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து நீரை நோக்கும் ஒரு படகோட்டியையும் நினைப்போமாக. பயணம் நின்றுவிட்டதென்று அவர் வருந்துவதில்லை. அவர்க்கு அந்த இருப்பும் பயணத்தின் ஒரு பகுதியே.